உச்சம்னா எந்த வருஷம்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தோசைக்கல் சூடாகிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்த பஞ்சாயத்து இது. மூன்று வாரமாகியும் முடிந்தபாடில்லை.

பொண்ணுக்கு 14 வயசு. டெய்லர் ஸ்விஃப்ட் பைத்தியம். 'ஈராஸ் டூர்' 2023 மார்ச்சில் ஆரம்பித்து 2024 டிசம்பரில் முடிந்தது, மொத்தம் 149 கச்சேரி, டிக்கெட் வசூல் மட்டும் 200 கோடி டாலருக்கு மேல். எல்லாம் மனப்பாடம். (வாய்ப்பாடு மட்டும் 13க்கு மேல் ஏறாது!) "பாடுறவங்கள்ல இவ்ளோ பெரிய உச்சத்துக்குப் போன லேடி யாருமே இல்லப்பா" என்று தீர்ப்பு சொன்னாள். அடுப்படியிலிருந்து என் அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்: "எல்.ஆர்.ஈஸ்வரிய விடவா?"

"அது யாரு ஆச்சி?"

"உங்கப்பன்ட்ட கேளு."

அப்பன் தொழில்முறையில் கணக்குத் தணிக்கை செய்பவன். அடுத்தவர் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தே 20 வருஷமாகச் சோறு தின்கிறேன். நாக்கு சும்மா இருக்குமா? "வாயால சொன்னா ஆச்சா, எழுதிப் பாத்துருவோம்" என்று எக்செல்லைத் திறந்தேன். பாடகி பெயர், முதல் பாட்டு, உச்ச வருஷம், இறங்கிய வருஷம், கடைசி என்று ஐந்து பத்தி. அன்று ராத்திரியே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். தங்கமணி மட்டும் "தோசை ஆறுது" என்று இரண்டு தடவை சொன்னாள்.

எங்கள் வீடு கொல்கத்தாவில், அலிப்பூரில். மிருகக்காட்சிசாலை ஒரு பக்கம், நேஷனல் லைப்ரரி ஒரு பக்கம். குளிர்கால ராத்திரியில் ஜன்னலைத் திறந்து வைத்தால் சில நாள் சிங்கம் கத்துவது கேட்கும். சாம்பார் வெங்காயமும் மல்லிகைப்பூவும் வேண்டுமென்றால் லேக் மார்க்கெட் போகவேண்டும். மற்றபடி விருதுநகரில் பிறந்தவனுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, சனிக்கிழமை லைப்ரரி இருக்கும்வரை. வங்காளத்து லெப்டினன்ட் கவர்னர்கள் குடியிருந்த பெல்வடேர் மாளிகை அது. 1953ல் மௌலானா ஆசாத் பொதுமக்களுக்காகத் திறந்துவைத்தார். தமிழுக்கென்று தனிப்பிரிவு உண்டு. வையாபுரிப் பிள்ளை சேர்த்துவைத்த புத்தகங்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம் சென்னை இல்லை, அலிப்பூர்! நான் மதியம் வரை அங்கே உட்கார்ந்து பழசு எதையாவது புரட்டுகிற ஆள். இந்த முறை எக்செல் பட்டியலை எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் வரிசையில் யாரைப் போடுவது? இந்த ஊர்க்காரர் ஒருவரையே போட்டேன். கௌஹர் ஜான்.

1873ல் ஆசம்கரில் பிறந்தபோது பெயர் ஏஞ்சலினா யோவர்ட். அப்பா ஆர்மீனியர். அம்மா அப்பா பிரிந்த பிறகு, அம்மாவும் பெண்ணும் காசிக்குப் போய், முஸ்லிமாக மாறி, மல்கா ஜான் என்றும் கௌஹர் ஜான் என்றும் ஆனார்கள். 1883ல் கல்கத்தாவுக்கு வந்து சித்பூர் ரோட்டில் வீடு வாங்கினார்கள். இன்றைக்கு அது ரவீந்திர சரணி. நகோதா மசூதிக்குப் பக்கத்தில் அந்தக் கட்டடம் இன்னொரு பெயரில் நிற்கிறது. கீழே கடைகள், கரண்ட் வயர்கள், கூட்டம். அண்ணாந்து பார்க்க ஒரு நிமிஷம் நின்றால் பின்னால் வருகிற கைவண்டிக்காரர் திட்டுவார். (திட்டினார்.)

1902ல் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பெர்க் லண்டனிலிருந்து மெஷினோடு கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார். மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக் குழாய்க்குள் முகத்தை வைத்துக்கொண்டு கத்திப் பாடவேண்டும். அந்த அதிர்வு மறுமுனையில் ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். மூன்று நிமிஷத்துக்குள் முடிக்கவேண்டும். விடிய விடிய ஒரே ராகத்தைப் பாடிக்கொண்டிருந்தவர்களிடம் போய் 'மூன்று நிமிஷத்தில் முடி' என்றால் எப்படி இருந்திருக்கும்? பெரிய உஸ்தாத்கள் பலர் மாட்டேன் என்றார்கள். கௌஹர் சரி என்றார். 29 வயசு. பாட்டின் முடிவில் தன் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்லி முடிப்பார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹனோவரில், அங்கே லேபிள் ஒட்டுகிறவனுக்குப் பாடியது யார் என்று தெரியவேண்டுமே, அதற்காக. இன்றைக்கு அந்தக் கரகரத்த ஒலிப்பதிவுகளில் பாட்டைவிட நம்மைத் தூக்கிவாரிப் போடுவது அந்தக் குரல்தான். எத்தனை நிமிர்வு!

கைஸ்பெர்க் கௌஹரைப் பதிவுசெய்வதற்கு மூன்று நாள் முன்பே சசிமுகி, பனிபாலா என்று இரண்டு நாடகக்காரப் பெண்களைப் பதிவுசெய்துவிட்டார். முதலில் பாடியவர்கள் அவர்கள்தான். யாருக்காவது தெரியுமா? அவர்களுக்கு என் எக்செல்லில் 'முதல் பாட்டு' என்ற கட்டம் மட்டும் நிரம்பியது. மீதி மூன்றும் காலி.

கௌஹரின் கணக்கு தலைசுற்றும். 1902லிருந்து 1920 வரை 600 இசைத்தட்டுகள் போல, பத்துக்கு மேற்பட்ட மொழிகளில். அந்தப் பட்டியலில் தமிழும் உண்டு. ஒவ்வொரு தடவை பதிவுக்கு வரும்போதும் போட்டிருந்த நகை வேறு வேறாக இருந்ததாம். ஆஸ்திரியாவில் செய்த தீப்பெட்டியில் அவர் படம். 1910ல் சென்னை விக்டோரியா ஹாலில் கச்சேரி. 1911 டிசம்பரில் டில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் முன்னால் அலகாபாத் ஜானகிபாயோடு சேர்ந்து பாட்டு. சுயராஜ்ய நிதிக்குக் கச்சேரி செய்யச் சொல்லி காந்தி கேட்டதாகவும், நேரில் வருவதென்றால் பாடுகிறேன் என்று இவர் சொன்னதாகவும், காந்தி வராமல் ஆளை அனுப்பியதால் வசூலான 24,000 ரூபாயில் சரிபாதியை மட்டும் கொடுத்து அனுப்பியதாகவும் ஒரு கதை உண்டு. பாதி வாக்குக்குப் பாதிப் பணம். தணிக்கைக்காரனாக எனக்கு இதில் ஆட்சேபணையே இல்லை :-)

சரி, இறங்கிய வருஷம்? இங்கேதான் முதல் சிக்கல். குரல் போய் இறங்கியவர் இல்லை அவர். வழக்குகள் தின்றுவிட்டன. அம்மா இறந்தபிறகு, வீட்டு வேலைக்காரியின் மகன் தான்தான் வாரிசு என்று கேஸ் போட்டான். தான் முறையாகப் பிறந்தவள் என்று நிரூபிக்க, குழந்தையில் விட்டுப்போன அப்பனைத் தேடிப் பிடித்து சாட்சிக் கூண்டில் ஏற்றவேண்டி வந்தது. நாட்டின் மிகப் பெரிய பாடகி, ஊரெல்லாம் படம் விற்கிற பெண், கோர்ட்டில் நின்று 'நான் யாருக்குப் பிறந்தேன் என்று சொல்லுங்கள்' என்று கேட்கிற நிலை. கேஸ் ஜெயித்தது. பிறகு செக்ரட்டரியாக இருந்து கணவனாக ஆன ஆளோடு இன்னொரு கேஸ். அதுவும் ஜெயித்தது. சொத்து கரைந்துவிட்டது. 1928ல் மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார் அரண்மனைப் பாடகியாக வேலை கொடுத்தார், மாசம் 500 ரூபாய். 1930 ஜனவரி 17ல் அங்கேயே இறந்துபோனார். 56 வயசு.

இதே சமயத்தில் பூமிக்கடியில் இன்னொரு நகர்வு. 1925க்குப் பிறகு கூம்பு போய் மைக் வந்துவிட்டது. முணுமுணுத்தாலும் பதிவாகும். கூம்புக்குள் கத்துவதற்கென்றே வாய்த்த தொண்டைகளின் காலம் முடிந்தது. கௌஹரின் மொத்த உச்சமும் கூம்பின் ஆயுளுக்குள் அடங்கிவிட்டது என்பது எனக்கு லைப்ரரியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது.

உடனே பட்டியலில் ஆறாவதாக 'என்ன மெஷின்' என்று ஒரு பத்தி சேர்த்தேன்.

அடுத்தவரும் கல்கத்தாதான். ஆனால் நம்ம ஊர் ஆள். உஷா உதூப். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, நெற்றியில் கை அகலப் பொட்டு, அந்தப் பொட்டில் பெங்காலி 'க' எழுத்து. கொல்கத்தாவின் 'க'. இங்கே டாக்சிக்காரரிடம் நான் தமிழன் என்று சொன்னால் "உஷாதி!" என்பார். நான் என்னமோ அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி.

1947ல் பம்பாயில் பிறந்தவர், சாமி என்ற தமிழ்க் குடும்பம். ஸ்கூலில் பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள், குரல் மற்ற பெண்களோடு ஒட்டவில்லையென்று. இசை அறிவு இருக்கிறது என்று தெரிந்ததால் அந்த டீச்சரே தாளக்கட்டையும் முக்கோணமும் கையில் கொடுத்து உட்கார வைத்தார். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.) அறுபதுகளின் கடைசியில் சென்னை மவுண்ட் ரோடு சபையர் தியேட்டர் கட்டடத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்ற நைட் கிளப்பில் புடவையோடு ஏறிப் பாடினார். நைட் கிளப் என்றால் ஸ்கர்ட் என்று இருந்த காலம். காஞ்சிபுரம் பட்டில் ஒரு மாமி ஏறி நின்று அடித்தொண்டையில் இங்கிலீஷ் பாட்டுப் பாடினால் குடித்துக்கொண்டிருந்தவன் கிளாஸைக் கீழே வைத்திருப்பானா மாட்டானா?

1969ல் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் ட்ரிங்காஸ். எங்கள் வீட்டிலிருந்து காரில் போனால் கால்மணி நேரம் (டிராஃபிக் இல்லாத கற்பனை உலகில்). அப்போது பார்க் ஸ்ட்ரீட்டில் ஜாஸ் பாடகி பாம் க்ரெய்னின் கொடி பறந்துகொண்டிருந்தது, ஹோட்டலுக்கு ஹோட்டல் பேண்டு வாத்தியம். அந்த ட்ரிங்காஸில்தான் கோட்டயத்துக்காரர் ஜானி சாக்கோ உதூப்பைச் சந்தித்தார். உஷா ஐயர் உஷா உதூப் ஆனார்.

பட்டியலுக்கு ஏற்ற உச்சம் என்று பார்த்தால் 1980லிருந்து 1982 வரை. 'ஷான்', 'பியாரா துஷ்மன்', 'அர்மான்', 'டிஸ்கோ டான்சர்' என்று வரிசையாக. பப்பி லஹிரியின் டிஸ்கோவும் இவருடைய கனத்த குரலும் சேர்ந்து நாட்டையே ஆட வைத்த மூன்று வருஷம். எழுதிவிட்டு நிமிர்ந்தால், பக்கத்திலேயே இன்னொன்று இடிக்கிறது. அதே எண்பதுகளின் தொடக்கத்தில்தான் மேற்கு வங்கத்தின் இடதுசாரி அரசில் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்த ஜதின் சக்ரவர்த்தி, இவருடைய பாட்டு 'அபசம்ஸ்கிருதி', அதாவது பண்பாட்டைக் கெடுப்பது என்று சொல்லி, அரசு அரங்குகளில் பாடத் தடை போட்டார்! இந்தியா முழுக்க ரேடியோவில் ஓடுகிற குரலுக்குச் சொந்த ஊர் ஹாலில் இடமில்லை.

நம்மில் முக்கால்வாசிப் பேர் என்ன செய்திருப்போம்? ஊரை மாற்றியிருப்போம். பம்பாயில் வேலை காத்திருக்கிறது, பிறந்த ஊர் வேறு. இவரோ கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். ஜெயித்தபிறகும் இதே ஊரில் இருந்தார். இரண்டு கோர்ட்டுகள், ஒரே நகரம், எழுபது வருஷ இடைவெளி. கௌஹருக்கு ஜெயித்த கேஸே வீட்டைக் கரைத்தது. உஷாவுக்கு ஜெயித்த கேஸ் வீட்டைக் கொடுத்தது என்று சொல்லத் தோன்றுகிறது. இந்த ஊரில் பட்டா மாதிரி ஒன்று. பிழைக்க வந்த ஊரில் ஒருவன் 'நீ எங்கள் பண்பாடு இல்லை' என்று சொல்வதும், அதைக் காதில் வாங்கிக்கொண்டே இங்கேயே இருப்பதென்று முடிவு செய்வதும் எப்படிப்பட்டது என்று வெளியூரில் இருக்கிற நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உஷாவின் அந்த மூன்று வருஷத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணையும் வைத்துப் பார்க்கவேண்டும். பாகிஸ்தானின் நாஜியா ஹசன். 1980ல் 'குர்பானி' படத்துக்கு லண்டனில் பாடும்போது 15 வயசு. இசை நம்ம பெங்களூர் பிட்டு. அடுத்த வருஷமே ஃபிலிம்பேர் விருது, அதே 1981ல் 'டிஸ்கோ தீவானே' ஆல்பம். 2000ல் 35 வயசில் கேன்சரில் போய்விட்டார். உஷா உதூப்புக்கு முதல் ஃபிலிம்பேர் எப்போது தெரியுமா? '7 கூன் மாஃப்' படத்துக்காக, 2012ல் மேடை ஏறி வாங்கினார். ரேகா பரத்வாஜோடு பகிர்ந்துகொண்டது. 64 வயசு! 15க்கும் 64க்கும் ஒரே விருது. இதில் யாருடைய உச்சத்தை எந்த வருஷத்தில் எழுதுவது? 2011ல் பத்மஸ்ரீ, 2024ல் பத்மபூஷண். 'இறங்கிய வருஷம்' கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

தமிழ்நாடு இவரை அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. 1975ல் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் 'மேல்நாட்டு மருமகள்', 1990ல் இளையராஜாவின் 'அஞ்சலி', இன்னும் ஏதோ கொஞ்சம். அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று நமக்குத் தெரியவில்லை. நமக்குத்தான் ஏற்கனவே ஒருவர் இருந்தாரே.

அம்மாவின் ஆள்.

லூர்து மேரி ராஜேஸ்வரி. பரமக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அம்மா நிர்மலா கோரஸ் பாடுகிறவர். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போன பெண், 1954ல் 'மனோகரா'வில் கோரஸில் நின்றார். 1958ல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி.மகாதேவன் தனிப்பாட்டு கொடுத்தார். ஏற்கனவே எம்.எஸ்.ராஜேஸ்வரி இருந்ததால் இவர் எல்.ஆர்.ஈஸ்வரி. 1961ல் 'பாசமலர்' கல்யாணப் பாட்டு. மணப்பெண்ணைத் தோழி அழைத்துப் போகிற பாட்டு. அதற்கப்புறம் தமிழ்நாட்டில் அது ஒலிக்காத கல்யாண மண்டபம் உண்டா? 1968ல் 'பணமா பாசமா'வின் இலந்தைப்பழப் பாட்டு, 1969ல் 'சிவந்த மண்'ணில் சாட்டையடி விழுகிற பாட்டு, 1972ல் 'வெள்ளி விழா'வில் காதோடு ரகசியம் பேசுகிற மாதிரி ஒன்று.

"இலந்தப்பழப் பாட்டப் பாடி எங்கம்மாட்ட அடி வாங்குனேன்" என்றார் அம்மா. 1968ல் அவருக்கு 13 வயசு. "நல்ல வீட்டுப் புள்ள பாடுற பாட்டாடின்னு தொடையில கிள்ளிப்புட்டா. கிள்ளிட்டு அவளே ஊறுகாப் பானைய தொடைச்சிக்கிட்டு அதத்தான் பாடுறா!"

ஜதின் சக்ரவர்த்தி சொன்னதைத்தான் எங்கள் பாட்டியும் சொல்லியிருக்கிறார் போல. ஈஸ்வரிக்குத் தடை போட எந்த அமைச்சரும் தேவைப்படவில்லை. சினிமாவே ஒரு கோடு போட்டு வைத்திருந்தது. கதாநாயகிக்கு சுசீலா, கிளப்பில் ஆடுகிறவளுக்கு ஈஸ்வரி. 'வெள்ளி விழா' பாட்டைக் கேட்டுவிட்டு யாராவது அந்தக் கோடு நியாயம் என்று சொல்லட்டும் பார்ப்போம். மைக்குக்கு இரண்டு அங்குலத்தில் நின்று மூச்சையே பாட்டாக்கினவர். எழுபதுகளில் கதாநாயகிகளே ஆட ஆரம்பித்ததும், கிளப் ஆட்டத்துக்கென்று தனி நடிகை தேவைப்படவில்லை, தனிக் குரலும் தேவைப்படவில்லை. பட வாய்ப்புகள் சுருங்கின.

எக்செல் பிரகாரம் உச்சம் 1961–1972, இறங்கியது எழுபதுகளின் நடுவில். கணக்கு முடிந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

"என்ன எழவுக் கணக்குடா இது? பங்குனிப் பொங்கலுக்கு ரேடியோ செட்டு கட்டுனா யார்ரா பாடுவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. விருதுநகர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் என்றால் ஊருக்குள் எந்தத் தெருவிலும் நாலு மணிக்கு மேல் தூங்க முடியாது. மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி கூம்புக் குழாய். அதிலிருந்து அம்மன் பாட்டு. பாடுவது லூர்து மேரி ராஜேஸ்வரி. சினிமா கைவிட்ட குரலை மாரியாத்தா எடுத்துக்கொண்டாள். கிளப் பாட்டுக்காரி என்று ஒதுக்கிய அதே தெருக்களில், தீச்சட்டி எடுக்கிற பொம்பளைகளுக்கு அருள் வருவது இவர் குரலில். நான் பிறந்ததே சினிமாவில் அவர் 'இறங்கிய' பிறகு. நான் கேட்ட ஈஸ்வரி முழுக்க முழுக்க அந்த ஈஸ்வரிதான். அந்தப் பாட்டெல்லாம் எந்த ஹிட் பட்டியலில் வரும்? கேசட் விற்ற கணக்காவது கிடைக்கும். ஒரு கேசட்டை ஆயிரம் ஊரில் ரேடியோ செட்காரர் தேயத் தேயப் போட்டதை யார் எண்ணினார்கள்?

கூம்பு, கவனித்தீர்களா? கௌஹர் கத்திய கூம்பேதான், திருப்பி வைத்தது. அவருக்கு உள்ளே வாங்கியது, இவருக்கு வெளியே விட்டது. கூம்புக் குழாய்க்கு அடிக்குரல் ஏறாது, தாழ்ந்த சத்தம் பாதி செத்துவிடும். கணீரென்று உச்சத்தில் போகிற குரல்தான் வயற்காட்டைத் தாண்டிக் கேட்கும். ஈஸ்வரியின் குரல் அதற்கென்றே செய்தது. உஷா உதூப் குரலை அதில் போட்டிருந்தால் பக்கத்துத் தெருவுக்குக்கூட எட்டியிருக்காது. அந்தக் குரலுக்கு நைட் கிளப்பின் மைக்கும் பெரிய ஸ்பீக்கரும் வேண்டியிருந்தது.

இன்னொரு வேடிக்கை. உஷா உதூப்புக்கு விருது வாங்கிக் கொடுத்த பாட்டு வந்த அதே 2011ல்தான் 'ஒஸ்தி' படத்தில் தமன் இசையில் ஈஸ்வரி திரும்பி வந்தார். 72 வயசு. காலேஜ் பையன்கள் ஆடினார்கள். பிறகு 2020ல் 'மூக்குத்தி அம்மன்'. சினிமாவே கடைசியில் அம்மன் பாட்டைத் தேடி அவரிடம் வந்து நின்றது. அமெரிக்காவின் டீனா டர்னர் பிறந்தது 1939 நவம்பரில். ஈஸ்வரி அதற்கு அடுத்த மாசம், டிசம்பர். டீனாவுக்கு 1984ல், 44 வயசில் 'பிரைவேட் டான்சர்' வந்தபோது உலகமே 'மறுபிறவி' என்று எழுதியது. நம்ம ஊர் டிசம்பர்க்காரருக்கு இடைப்பட்ட வருஷமெல்லாம் மறுபிறவிதான், யாரும் எழுதவில்லை, அவ்வளவே.

இனி அந்தத் தாளக்கட்டை விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் பொண்ணை ஸ்கூல் பாட்டுக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதலில் கடைசி வரிசை, பிறகு "உன் குரல் மத்தவங்க குரலை அமுக்குது" என்று வெளியே. கட்டைக் குரல் அவளுக்கு, அவளுடைய ஆச்சி மாதிரியே. அழுதுகொண்டு வந்தாள். நான் என்ன செய்தேன்? சமாதானம் என்று நினைத்துக்கொண்டு, "விடும்மா, கீபோர்டு கிளாஸ் சேத்து விடுறேன், அது நமக்கு செட் ஆகும்" என்றேன். கீபோர்டும் வாங்கினேன். அது பீரோ மேல் உறையோடு இருக்கிறது. அதற்கப்புறம் அவள் வீட்டில் பாடி நான் கேட்கவில்லை. ஹெட்போனில் மற்றவர்களைக் கேட்பாள். யார் எவ்வளவு உச்சம் என்று கணக்கு வைத்துக்கொள்வாள்.

உஷா உதூப்பை வகுப்பிலிருந்து அனுப்பிய கதையை லைப்ரரியில் படித்தபோது இரண்டாவது பக்கம் திருப்ப முடியவில்லை. அந்த டீச்சராவது தாளக்கட்டையைக் கொடுத்து வகுப்புக்குள்ளேயே உட்கார வைத்தார். நான் கீபோர்டு வாங்கிக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ரொம்பப் பேசவில்லை. அந்தக் கதையைச் சொல்லி, "அப்பா அன்னிக்கு சொன்னது தப்பும்மா" என்றேன். "ம்" என்றாள். 14 வயசில் அதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது? ஆனால் ராத்திரி யூடியூபில் ட்ரிங்காஸ் காலத்துப் பாட்டு ஒன்று ஓடுகிற சத்தம் அவள் ரூமிலிருந்து, ஹெட்போன் இல்லாமல், வந்தது.

இந்த வாரம் முழுக்க சாயங்காலம் அம்மா வெங்காயம் உரிக்கும்போது இவளும் போய் எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். ஆச்சி பாடுவது பொங்கல் காலத்துப் பாட்டு, பேத்தி அதைக் கீழ் ஸ்தாயியில் பிடிக்கிறாள். தமிழ் வார்த்தைகள் பாதி புரியாமல் கண்டபடி உடைகின்றன. 'சூலி'யை 'ஜூலி' ஆக்கிவிட்டாள். அம்மா திருத்துவதில்லை. எக்செல் பட்டியலில் ஈஸ்வரிக்கு எதிரில் உச்ச வருஷத்தை அழித்துவிட்டு அம்மாவிடமே கேட்டேன். "பொங்கல் சாட்டுன வருஷமெல்லாம்னு போடு" என்றார். அந்தக் கட்டத்தில் அது கொள்ளவில்லை, பத்தியை அகலமாக்கவேண்டி வந்தது.

நேற்று லிஃப்டில் கீழ்வீட்டு மாஷிமா என் பொண்ணைப் பார்த்து, ஊரிலிருந்து உன் மாமா பையன் யாராவது வந்திருக்கானா, சாயங்காலமானால் நல்ல குரல் ஒன்று கேட்கிறதே என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பொண்ணு பெங்காலியில் பதில் சொன்னாள்: "பையன் இல்ல மாஷிமா, நான்தான்."